எமன் வேடமும் போகோட்டாவின் மைம் கலைஞர்களும்

ஜனவரி பிறந்தால் தமிழ்நாட்டு நகரங்களின் சிக்னல்களில் எமதர்மன் வந்து நிற்பார். அட்டைக் கிரீடம், ஒட்டுமீசை, கையில் கதாயுதம், தோளில் பாசக்கயிறு. ஹெல்மெட் போடாமல் வருபவரின் கழுத்தில் கயிற்றை மாட்டி இழுப்பார். போட்டு வருபவருக்குப் பக்கத்தில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் ரோஜாப்பூவோ மிட்டாயோ தருவார். மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் படம் வரும். கல்லூரி மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போவார்கள், உறுதிமொழி வாசிப்பார்கள், பேச்சுப் போட்டியில் வென்றவருக்கு டிபன் பாக்ஸ் பரிசு. முன்பு ஒரு வாரமாக இருந்த சாலைப் பாதுகாப்பு விழா 2021-இல் ஒரு மாதமாக நீண்டது. எமனுக்கும் வேலை நாட்கள் கூடின.

வேடம் கலைந்த பிறகும் அவருடைய உண்மையான வேலை நிற்பதில்லை. தமிழ்நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் 17,884 பேர் இறந்தார்கள். 2023-இல் 18,347 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் இரண்டு ஆண்டுகளிலும் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான். இதைப் பார்த்துவிட்டு, விழிப்புணர்வுப் பிரச்சாரமே வீண் வேலை என்று சலித்துக்கொள்வது எளிது. ஆனால் வேடம் போட்டவர்களைத் தெருவில் நிறுத்திய ஒரு நகரத்தில் சாலைச் சாவுகள் பத்தாண்டுக்குள் பாதிக்கும் கீழே இறங்கின. அது தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் தலைநகரான போகோட்டா. சாலைப் பாதுகாப்புக் கருத்தரங்குகளில் இந்தக் கதை அடிக்கடி சொல்லப்படும். சொல்பவர்கள் பெரும்பாலும் சிரிப்பு வரும் பாதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நமக்கு வேண்டியது மறுபாதியில் இருக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் போகோட்டா பயந்து வாழ்ந்த ஊர். போதைப்பொருள் கும்பல்களின் குண்டுகள், அன்றாடக் கொலைகள். அவற்றுக்கு நடுவே ஆண்டுக்குச் சராசரியாக 1,300 பேர் சாலையில் செத்துக்கொண்டிருந்தது பெரிய செய்தியாகவே தெரியவில்லை. பாதசாரிகள் கடக்கக் கோடு போட்டிருந்தால் அதன் மேல்தான் கார் நிற்கும். போக்குவரத்துக் காவலர் மடக்கினால், ரசீது வாங்கி அபராதம் கட்டுவதைவிடக் கையில் கொடுத்துவிட்டுப் போவது மலிவு. தமிழ் வாசகருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

1994-இல் மேயர் தேர்தலில் வென்றவர் அன்டனாஸ் மோக்கஸ். லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகன். கணிதமும் தத்துவமும் படித்தவர். தேசியப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1993-இல் தன்னைப் பேசவிடாமல் கூச்சல் போட்ட மாணவர் கூட்டத்தின் முன் கால்சட்டையை இறக்கிப் பின்புறத்தைக் காட்டினார். அதனால் பதவி போனது, அதனாலேயே நாடு முழுக்கப் பெயர் தெரிந்தது. பெரிய கட்சி எதுவும் பின்னால் இல்லை. கோமாளி என்று ஒதுக்கியவர்கள் பலர். ஆனால் அவர் செய்த கோமாளித்தனம் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு கணக்கு இருந்தது.

மனிதர்களை மூன்று கயிறுகள் கட்டுகின்றன என்பது அவருடைய கணக்கு. ஒன்று சட்டம், மற்றொன்று மனசாட்சி, மூன்றாவது நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம். போகோட்டாவில் சட்டம் விலைக்குக் கிடைத்தது. சிவப்பு விளக்கைத் தாண்டுவது மனசாட்சியை உறுத்தும் குற்றமாகத் தெரியவில்லை. மூன்றாவது கயிறு மட்டும் அறுபடாமல் இருந்தது. கொலம்பியர்கள் அபராதத்தைவிட ஊர் சிரிப்பதற்குத்தான் அதிகம் அஞ்சுவார்கள் என்று மோக்கஸ் நம்பினார். நாலு பேர் சிரிக்க வேண்டுமானால் சிரிக்க வைக்க ஆள் வேண்டும். அதற்காகத்தான் முகத்தில் வெள்ளை பூசி, பேசாமல் சைகையால் நடிக்கும் மைம் கலைஞர்கள் 1995-இல் தெருவுக்கு வந்தார்கள்.

முதலில் 20 பேர். ஒரு கார் கோட்டைத் தாண்டி நின்றால், மைம் கலைஞர் அதன் முன்னால் போய் வண்டியைக் கைகளால் தள்ளுவதுபோல் பாவனை செய்வார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு மீண்டும் தள்ளுவார். ஓட்டுநர் பின்னால் எடுக்கும்வரை விடமாட்டார். எடுத்துவிட்டால் நடைபாதையில் நிற்கும் கூட்டம் கைதட்டும். சிக்னல் இல்லாத இடத்தில் குறுக்கே ஓடும் ஆளின் பின்னாலேயே, அவர் நடையை அப்படியே நடித்தபடி இன்னொருவர் ஓடுவார். ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். திட்டினால் திருப்பித் திட்டலாம், வாதாடினால் எதிர்வாதம் செய்யலாம். பேசாத ஆளிடம் என்ன செய்வது? வரவேற்பைப் பார்த்த பிறகு மேலும் 400 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்க வேண்டியது வேடத்தைவிட அதிகாரம் இல்லாமைதான். மைம் கலைஞருக்கு அபராதம் போட அதிகாரம் கிடையாது. ஆகவே மாமூல் வாங்கவும் வழி கிடையாது. கையில் லத்தி இல்லை, வாயில் சொல் இல்லை. தண்டனையைக் கொடுத்தது தெருவில் நின்ற கூட்டம். கூட்டத்துக்கும் அன்றுதான் தெரிந்தது, கோட்டுக்குப் பின்னால் வண்டியை நிறுத்துவதைத் தன்னைப்போலவே மற்றவர்களும் விரும்புகிறார்கள் என்று. எல்லோரும் விதி மீறுகிறார்கள், நான் மட்டும் நின்றால் ஏமாளி என்ற நினைப்பு உடைந்தது. விதியைத் தெரியாத ஓட்டுநர் அநேகமாக எந்த ஊரிலும் இல்லை. அவர்களுக்குத் தெரியாமல் இருப்பது அடுத்தவர் அதை மதிக்கிறார் என்பதுதான்.

அடுத்ததாக, மைம் கலைஞர் இல்லாத இடத்திலும் இந்த வேலை நடக்கும்படி செய்தார்கள். நகராட்சி 3,50,000 அட்டைகளை அச்சிட்டு வினியோகித்தது. ஒன்றில் கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கும், இன்னொன்றில் கீழ்நோக்கி. வழிவிட்டவருக்கு முதல் அட்டையை ஜன்னல் வழியாகக் காட்டலாம்; குறுக்கே புகுந்தவருக்கு இரண்டாவதை. சாலைத் தகராறு அடிதடியில் முடியக்கூடிய ஊரில், ஹாரனுக்கும் கெட்ட வார்த்தைக்கும் பதிலாக மக்கள் கையில் ஒரு சாத்வீகமான கருவி கிடைத்தது. நல்ல டாக்சி ஓட்டுநரைத் தெரிந்தால் சொல்லுங்கள் என்று மேயர் கேட்டதற்கு 150 பேர் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்த ஓட்டுநர்களைக் கூட்டிவைத்து, முரட்டு ஓட்டுநர்களை எப்படித் திருத்தலாம் என்று அவர்களிடமே யோசனை கேட்டார். அவர்களுக்கு வரிக்குதிரை வீரர்கள் என்று பட்டமும் கொடுத்தார். அதிகாரிகள் ஓட்டுநர்களுக்கு வகுப்பு எடுப்பதே வழக்கம் என்றிருக்கிற நமக்கு, இது தலைகீழாகத் தெரியலாம்.

கருத்தரங்கில் சொல்லப்படும் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும், கைதட்டல் கிடைக்கும், அடுத்த மாதம் ஒரு சிக்னலில் வேடதாரி நிறுத்தப்படுவார்.

மறுபாதி இது. ஊழலில் ஊறிய நகரப் போக்குவரத்துக் காவல் பிரிவை மோக்கஸ் கலைத்துவிட்டார். அந்தப் பணி தேசியக் காவல் துறையின் கைக்குப் போனது. கேலி செய்து திருந்தாதவரைப் பிடிக்க, காசுக்கு மசியாத ஆள் ஒருவர் பின்னால் இருந்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மதுக்கடைகளையும் கேளிக்கை விடுதிகளையும் இரவு ஒரு மணிக்கு மூடச் சொன்னார். குடித்துவிட்டு விடியற்காலையில் வண்டி ஓட்டுவதும், குடித்த இடத்திலேயே கத்தி எடுப்பதும் குறைய இது உதவியது. பாதசாரிகள் அடிபட்டு இறந்த இடங்களில் தரையில் நட்சத்திரம் வரையப்பட்டது. அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொருவரும் அதை மிதிக்காமல் போக முடியாது.

அவருக்குப் பிறகு 1998-இல் மேயரான என்ரிக்கே பெனலோசா முற்றிலும் வேறு ரகம். வேடிக்கை எதுவும் கிடையாது, எல்லாம் கான்கிரீட். நடைபாதைகளில் கார் ஏற முடியாதபடி குட்டைத் தூண்களை நட்டார். கடைக்காரர்களும் கார் வைத்திருப்பவர்களும் கொதித்தெழுந்து அவரைப் பதவியிலிருந்து இறக்கக் கையெழுத்து வாங்கும் அளவுக்குப் போனார்கள். சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன. 2000 டிசம்பரில் டிரான்ஸ்மிலேனியோ என்ற பேருந்துச் சேவை ஓடத் தொடங்கியது. ஒரு பயணிக்காக ஒன்றையொன்று முந்தி, நினைத்த இடத்தில் நின்று கொண்டிருந்த தனியார் பேருந்துகள் முதன்மைச் சாலைகளிலிருந்து விலகி, தனித் தடமும் குறிப்பிட்ட நிலையங்களும் கொண்ட பேருந்துகள் வந்தன. பயணிக்கு இத்தனை ரூபாய் என்று ஓட்டுநர் சம்பாதிக்கும் முறை இருக்கும்வரை, அவருக்கு எத்தனை விழிப்புணர்வு வகுப்பு எடுத்தாலும் வண்டி வேகமாகத்தான் போகும். 2001-இல் மோக்கஸ் மீண்டும் மேயரானார். இவை அனைத்தும் சேர்ந்த பிறகுதான் 1,300 என்பது சுமார் 600 ஆனது.

அதில் மைம் கலைஞர்களின் பங்கு எவ்வளவு, மதுக்கடை நேரத்தின் பங்கு எவ்வளவு, பேருந்துத் தடத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கத் தராசு கிடையாது. என் கணிப்பைச் சொல்வதானால், வேடதாரிகள் நேரடியாகக் காப்பாற்றிய உயிர்களைவிட, அவர்கள் வாங்கிக் கொடுத்த பொறுமை பெரிது. சாலை தங்களுடையது என்று ஒரு முறை உணர்ந்த மக்கள்தான், பிறகு வந்த தூண்களையும் தடங்களையும் முணுமுணுத்தாவது ஏற்றுக்கொண்டார்கள். பிரச்சாரத்தின் பயன் அங்கேதான் இருக்கிறது. சாலையை மாற்றும் வேலைக்கு அது முன்னுரை எழுதுகிறது. அந்த வேலைக்கு மாற்றாக ஒரு நாளும் ஆகாது.

சிரிப்புக்கு எல்லை உண்டு என்பதற்குப் போகோட்டாவே சாட்சி. சிக்னலில் நிற்கும் காரை நாலு பேர் பார்க்கிறார்கள். இரவில் அகலமான சாலையில் பறக்கும் மோட்டார் சைக்கிளை யார் பார்க்கிறார்கள்? நகரத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிய காலத்தில் பழைய முறை போதவில்லை. 2018-இன் இறுதியிலிருந்து முக்கியச் சாலைகள் சிலவற்றில் உச்ச வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 50 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சாலைகளில் சாவுகள் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. 2020-இல் அது நகரம் முழுமைக்கும் விதியானது. சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிர்ப்பலி விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. இந்தக் கணக்கு வெட்கத்தையும் பார்ப்பதில்லை, பயத்தையும் பார்ப்பதில்லை.

போகோட்டாவைப் பார்த்துப் பல ஊர்கள் வேடம் கட்டின. பொலிவியாவின் லா பாஸ் நகரில் 2001 முதல் இளைஞர்கள் வரிக்குதிரை உடையில் சந்திகளில் நின்று, குழந்தைகளையும் முதியவர்களையும் கைபிடித்துச் சாலையைக் கடக்க வைக்கிறார்கள். அது ஆண்டு முழுக்க நடக்கும் வேலை. ஒரு மாத விழா இல்லை.

இனி நம் ஊருக்கு வரலாம். எமன் நம் கற்பனைக்கு நெருக்கமானவர். சித்ரகுப்தனின் கணக்கேட்டை அறியாத பிள்ளை கிடையாது. வேடத்தில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவர் சொல்வது ஒரே செய்தி: செத்துவிடுவாய். சாவு வரும் என்று தெரிந்தும், அது தனக்கு வராது என்று நம்புவதுதான் மனித சுபாவம். பயமுறுத்தலுக்குப் பக்கத்திலேயே தப்பிக்கும் வழியும் கைக்கு எட்டாவிட்டால், மனம் காதை மூடிக்கொள்ளும். தவிர, எமன் யாரைப் பிடிக்கிறார் என்று பாருங்கள். இரு சக்கர வாகனத்தில் வரும் கொத்தனாரை, காய்கறிக்காரரை, உணவு கொண்டுபோகும் இளைஞரை. இந்தியாவில் 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 சதவீதம் நடந்து போனவர்கள். சாகிறவர்களையே கூப்பிட்டு நிறுத்திச் சாவைப் பற்றி வகுப்பு எடுக்கிறோம். நடைபாதையை மறித்து மின்மாற்றியை வைத்தவரை, நாற்சந்தியில் விளக்கு எரியாததைக் கவனிக்க வேண்டியவரை, ஜீப்ரா கோட்டை வரைந்து அதன் மறுமுனையைச் சாலை நடுவிலுள்ள இரும்புத் தடுப்பில் கொண்டுபோய் முட்டவிட்டவரை எந்த எமனும் பாசக்கயிறு வீசித் தேடியதில்லை.

ஹெல்மெட் கதையும் இதைத்தான் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயம் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய நாட்களில் கடைகளில் கூட்டம் அலைமோதியது, விலை ஏறியது. 2022 மே மாதம் முதல் சென்னையில் பின்னால் உட்கார்ந்து வருபவருக்கும் கட்டாயம் என்று காவல் துறை கண்டிப்புக் காட்டியது. தரமான ஹெல்மெட் தலைக்காயத்தையும் சாவையும் வெகுவாகக் குறைக்கும் என்பதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து இல்லை. ஆனாலும் ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் படுத்திருக்கும், கைப்பிடியில் தொங்கும், தூரத்தில் காக்கிச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறும், நூறு மீட்டர் தாண்டியதும் இறங்கும். பட்டையை மாட்டுபவர் குறைவு. மாட்டாத ஹெல்மெட் விழும்போது தலையை விட்டுவிட்டுத் தனியாக உருளும். போட்டவர் காவலருக்காகப் போட்டார். தெருவில் நிற்கும் மற்றவர்கள் அவர் கணக்கிலேயே இல்லை. மோக்கஸ் பிடித்த மூன்றாவது கயிறு இங்கே கட்டப்படவே இல்லை.

இங்கேயும் சாலையைக் கட்டுபவர்களையும் ஆள்பவர்களையும் நோக்கிப் பேசிய முயற்சிகள் உண்டு. அவற்றுக்கு ஊர்வலப் படம் கிடையாது என்பதால் பேசப்படுவதில்லை. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பியல் அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல மனு தாக்கல் செய்தார். அறுவை அரங்குக்கு வந்து சேர்பவர்களை எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் ஒருவர், அவர்கள் வந்து சேராமலிருக்க என்ன செய்யலாம் என்று கேட்ட வழக்கு. அதன் விளைவாக 2014-இல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. மாநிலங்கள் இந்தக் குழுவுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சென்னை வழக்கறிஞர் கே. பாலு தொடுத்த வழக்கில் 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்றது. தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் இடம் பெயர வேண்டியதாயிற்று. அவை ஊருக்குள் வந்தபோது பெண்கள் மறியல் செய்ததும், பிறகு நகராட்சி எல்லைகளுக்கு விலக்கு வந்ததும் தனிக் கதை. போகோட்டாவில் மேயர் செய்ததை இங்கே ஒரு வழக்கு செய்ய முயன்றது.

குடியிருப்போர் நலச் சங்கங்களும் சும்மா இருப்பதில்லை. தெருவில் ஒரு குழந்தை அடிபட்டால் கவுன்சிலரிடம் போய் நிற்பார்கள். அவர்கள் கேட்கத் தெரிந்தது ஒன்றே ஒன்று, வேகத்தடை. ஓரிரு நாளில் லாரி வந்து தாரைக் கொட்டிவிட்டுப் போகும். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் அளவுப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு சாய்ந்து எழ வேண்டும், கறுப்பு வெள்ளை அடித்திருக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். நம் தெருவில் முளைப்பது செங்குத்தான ஒரு மேடு. வர்ணம் இருக்காது, பலகை இருக்காது, மேலே தெருவிளக்கும் எரியாது. இரவில் ஸ்கூட்டரில் வரும் தாத்தா அதில்தான் விழுவார். ஆனாலும் அந்தச் சங்கத்தாரின் உள்ளுணர்வு சரி. உறுதிமொழி வாசிப்பதைவிடத் தரையை மாற்றக் கேட்டார்களே. கேட்க வேண்டியதைச் சரியான அளவோடு கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாலைப் பாதுகாப்பு மாதத்தில் வகுப்பு எடுத்தே ஆக வேண்டுமானால், இதற்கு எடுக்கலாம்.

2023 நவம்பரில் சென்னையில் புதிய வேக வரம்புகள் அறிவிக்கப்பட்டன: கார்களுக்கு 60, இரு சக்கர வாகனங்களுக்கு 50, குடியிருப்புத் தெருக்களில் 30. கடைசி எண் அருமையானது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதும் வண்டியிடமிருந்து நடந்து போகிறவர் பெரும்பாலும் உயிரோடு எழுந்துவிடுவார். ஆனால் நாற்பது அடி அகலத்தில் நேராக நீளும் தெருவுக்கு 30 என்று பலகை வைத்தால் யார் மதிப்பார்கள்? தெருமுனையைக் குறுக்கி, கடக்கும் இடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்தி, வளைவைக் கூர்மையாக்கினால் ஓட்டுநரின் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

சட்டம் இதற்கு ஒரு கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு, சாலையை வடிவமைத்த, கட்டிய, பராமரிக்கும் தரப்புகள் உரிய தரத்தைப் பின்பற்றாததால் சாவோ ஊனமோ நேர்ந்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தொகை சிறியது, ஒரு மேம்பாலத் தூணுக்குப் போடும் சிமென்ட்டுக்குக்கூடக் காணாது. ஆனால் விபத்துக்கு ஓட்டுநர் மட்டும் காரணம் இல்லை என்று இந்தியச் சட்டப் புத்தகத்தில் எழுதப்பட்டிருப்பதே பெரிய மாற்றம்.

அதைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த ஐந்து விபத்துகள், அல்லது பத்துச் சாவுகள் நடந்திருந்தால்தான் அது கரும்புள்ளி என்று அரசுக் கணக்கில் ஏறும். அதாவது, பட்டியலில் இடம்பிடிக்க முதலில் ஆட்கள் அடிபட வேண்டும். தெருவோரத் தேநீர்க் கடைக்காரருக்கும் ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர்களுக்கும் பள்ளி வாசலில் காத்திருக்கும் தாய்மார்களுக்கும் அந்த இடம் எதுவென்று முன்பே தெரியும். மயிரிழையில் தப்பியவை எந்த முதல் தகவல் அறிக்கையிலும் இருக்காது; அவை இவர்களிடம்தான் இருக்கின்றன. எந்த நேரம், எந்தப் பக்கத்திலிருந்து வந்த வண்டி, எது பார்வையை மறைத்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, புகைப்படத்தோடு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குக் கொடுக்கலாம். நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர், காவல் அதிகாரி, வட்டாரப் போக்குவரத்து அதிகாரி மூவரும் ஒரே மேசையில் உட்காரும் கூட்டம் அது. மனுவின் ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்வது முக்கியம். பின்னால் அதே இடத்தில் யாராவது அடிபட்டால், துறைக்கு முன்பே தெரியும் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி.